பாஸ் பெட்டியின் மேல் வைத்த ஹார்ட் டிஸ்க்

போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் எனக்குப் போன் செய்தார். அவர்கள் காலனிப் பையன்கள் காசு சேர்த்துச் சொந்தமாக டிஜே செட் வாங்கியிருக்கிறார்களாம். "அக்கா, பாட்டெல்லாம் போட்டு வைக்க நல்ல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒண்ணு சொல்லுங்க" என்றார். என்னிடம் வழக்கமாக வரும் கேள்விகள் வேறு. கல்வி உதவித்தொகை ஏன் நிற்கிறது, சாதிச் சான்றிதழுக்கு யாரைப் பார்ப்பது, எஃப்ஐஆரில் எந்தப் பிரிவு விட்டுப்போனது என்றுதான் கேட்பார்கள். ஹார்ட் டிஸ்க் பற்றி என்னிடம் கேட்கக் காரணம், எங்கள் காலனியில் ஒரு டிஸ்க் போன கதை அவர் காதுக்கும் எட்டியிருந்ததுதான். அந்தக் கதையில் தப்பு பாதி என்னுடையது. போனில் பத்து நிமிடம் பேசினேன், போதவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்களுக்கு டிஜே செட் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ரேடியோ செட், பந்தல், சீரியல் லைட் எல்லாம் ஊர்க்காரர்கள் கையில்தான் இருக்கும். காலனியில் கல்யாணம், காதுகுத்து என்றால் வாடகைக்குத் தருவார்கள். ஏப்ரல் 14 என்றால் மட்டும் "அன்னைக்கு வேற புக்கிங் இருக்கு" என்பார்கள். இரண்டு வருடம் அதே பதில் வந்தது. இரண்டாவது வருடம் எங்கள் பையன்கள் அந்த செட் கடைக்குப் போய்ப் பார்த்தார்கள். பெட்டிகள் அத்தனையும் கடைக்குள் அடுக்கியபடியே இருந்தன. யாரும் சண்டை போடவில்லை. திரும்பி வந்து சீட்டுப் போட ஆரம்பித்தார்கள். பெயிண்ட் அடிப்பவர், செங்கல் சூளைக்குப் போகிறவர், டெலிவரி ஓட்டுகிறவர், இரண்டு கல்லூரி மாணவர்கள். ஒன்றரை வருடச் சீட்டுப் பணத்தில் பழைய டூ சேனல் கண்ட்ரோலர், இரண்டு பாஸ் பெட்டி, இரண்டு டாப், ஒரு ஆம்ப்ளிபயர், மாணவர் ஒருவரின் லேப்டாப். செட் பெயருக்கு மூன்று நாள் விவாதம் நடந்தது. கடைசியில் நீல நிறத்தில் பாபாசாகேப் படத்தை ஒட்டி, பெயர் இல்லாமலே விட்டுவிட்டார்கள்.

நம் தோழர்களில் சிலருக்கு டிஜே என்றாலே முகம் சுளிக்கும். "பறை இருக்கும்போது இந்தக் குத்துப்பாட்டு எதற்கு, இது சீரழிவுப் பண்பாடு" என்பார்கள். நானும் எம்.ஏ. படித்த புதிதில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். என் வாயை அடைத்தவர் எங்கள் காலனியின் பறை ஆசான், எனக்குப் பெரியப்பா முறை. சின்ன வயதில் ஊர்ச் சாவுகளுக்கு அடித்தவர். இருபத்தைந்து வயதில் இனி அடிப்பதில்லை என்று நிறுத்தியவர். பிறகு அறுபது வயதில், எங்கள் பயிலரங்கத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக மறுபடி கையில் எடுத்தவர். டிஜே செட் வந்து இறங்கிய அன்று பாஸ் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நாங்க யார் வூட்டு சாவு, எவ்ளோ கூலின்னு கேக்காம அடிச்சோம். நீங்க யாருக்குப் போடணும், யாருக்குப் போடக்கூடாதுன்னு நீங்களே முடிவு பண்றீங்க. அது போதும்டா." நான் படித்த பண்பாட்டுச் சமூகவியலில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எழுதித் தரவில்லை.

டிஜே என்பதே வசதியானவர்கள் வீட்டில் பிறந்த கலை இல்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவின் 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு விருந்து நடந்தது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன் டிஜே கூல் ஹெர்க். தங்கைக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் துணிமணி வாங்கக் காசு வேண்டும் என்று அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்திய விருந்து அது. ஹிப்ஹாப் அங்கே பிறந்ததாகத்தான் இன்று சொல்கிறார்கள். நம் பக்கத்தில் 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. மேடை யாருடையது, மின்சாரம் யாருடையது, ஒலிபெருக்கி யாருடையது என்ற கேள்வி நமக்கு எப்போதும் உண்டு. பாட்டு எதில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு லேட்டாகத்தான் புரிந்தது.

எங்கள் செட்டுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினோம். கடையில் இருந்ததிலேயே விலை குறைவு. பையன்கள் ஆறாயிரம் பாட்டுப் போட்டார்கள். அப்படியும் இடம் நிறைய மிச்சம். அந்த மிச்ச இடத்தைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது. என் போனில் இடம் இல்லாமல் திணறிக்கொண்டிருந்த பதிவுகளையெல்லாம் அதில் தள்ளினேன். பெரியப்பா ஒவ்வொரு அடவாக நிறுத்தி நிதானமாக அடித்துக் காட்டிய 41 நிமிடம். காலனியின் மூத்த அத்தை ஒருவர் பாடிய ஒப்பாரிகள். பிறகு, அதற்கு முந்தைய வருட ஊர்வலத்தை ஊர்த்தெரு முனையில் மறித்தபோது நான் எடுத்த வீடியோ. மாற்றி முடித்ததும் போனிலிருந்து எல்லாவற்றையும் அழித்தேன். சில மாதத்தில் அந்தப் போனையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். "காப்பி எடுத்து வைத்திருக்கிறேன்" என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்தது காப்பி இல்லை. இருந்த ஒரே பிரதியை இடம் மாற்றியிருந்தேன், அவ்வளவுதான்.

அந்த ஏப்ரல் 14. ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி இருந்தது. குட்டி யானையில் பெட்டிகளை ஏற்றி, லேப்டாப்புக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குத் தனியாக இடம் இல்லாததால் பாஸ் பெட்டியின் தலையில் வைத்துவிட்டார்கள். இரவு எட்டரை மணி, வண்டி ஊர்த்தெரு முனையைத் தொடுகிறது. போன வருடம் மறித்த அதே இடம். பாட்டு திக்கியது, திரும்ப வந்தது, பிறகு நின்றேவிட்டது. டிஸ்க்கிலிருந்து கடிகாரம் போல டிக் டிக் என்று சத்தம். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. தம்பி ஒருவன் அவசரமாக ஆக்ஸ் ஒயரைத் தன் போனில் சொருகி, இன்டர்நெட்டிலிருந்து பாபாசாகேப் பாட்டு ஒன்றைப் போட்டான். அது இலவசச் செயலி. பாட்டுக்கு நடுவில் "உங்களுக்கு உடனடிக் கடன் வேண்டுமா" என்று ஒரு பெண் குரல் தெரு முழுக்கக் கேட்டது. அப்புறம் நாங்களும்தான் சிரித்தோம். ஊர்வலம் தெருவைக் கடந்து முடிந்தது. டிஸ்க் மட்டும் திரும்ப எழவில்லை.

ஏன் எழவில்லை என்று பிறகு உட்கார்ந்து படித்தேன். ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது. கையடக்கமானவற்றில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. அந்தத் தட்டுக்கு மேல், தொடாமல், தலைமுடியின் பருமனைவிட எத்தனையோ மடங்கு குறைந்த இடைவெளியில், படிக்கும் ஊசி மிதக்கிறது. பாஸ் பெட்டியின் வேலையே காற்றை அதிரவைப்பது. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அதன் தலையில் வைப்பது, எழுதிக்கொண்டிருப்பவன் முழங்கையை விடாமல் தட்டுவது மாதிரி. 2008 கடைசியில் பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர், சர்வர் அறையில் டிஸ்க் அடுக்குக்கு எதிரே நின்று கத்தினார். கத்தும்போதெல்லாம் டிஸ்க்குகளின் வேகம் தடுமாறுவதைத் திரையில் காட்டி வீடியோவே போட்டார். மனிதக் குரலுக்கே அந்தக் கதி என்றால் பாஸ் பெட்டியைச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு கதை. ஜேனட் ஜாக்சன் 1989இல் வெளியிட்ட 'ரிதம் நேஷன்' பாட்டு, நிறவெறியையும் அநீதியையும் எதிர்த்துச் சேர்ந்து நிற்கச் சொல்லும் பாட்டு. அதன் வீடியோவை ஓடவிட்டால் ஒரு கம்பெனியின் லேப்டாப்புகள் செயலிழந்தன என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2022இல் எழுதினார். பக்கத்தில் சும்மா இருந்த வேறு லேப்டாப்பும் சேர்ந்து நின்றதாம். அந்தப் பாட்டிலிருந்த ஒரு அதிர்வெண், அவற்றுக்குள் இருந்த 5,400 சுற்று டிஸ்க்கின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போனதே காரணம். பிறகு அந்த அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டி எடுத்துவிட்டார்களாம். இந்தக் கதையைப் பையன்களிடம் சொன்னபோது, "அப்ப நாமளும் பாட்டாலதான் டிஸ்க்க ஒடச்சோம்" என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

சரி, என்ன வாங்குவது? வாங்கும் முன் இரண்டு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். டிஸ்க்கை எதில் சொருகப் போகிறோம்? அதில் என்ன வைக்கப் போகிறோம்?

எதில் சொருகுவது என்பதில் மூன்று வகை உண்டு. லேப்டாப்போடு கண்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு டிஸ்க் லேப்டாப்பில்தான் சேரும். லேப்டாப் படிக்கிற எதுவும் சரி. லேப்டாப் இல்லாமல் நேராக யூஎஸ்பி சொருகிப் போடும் பிளேயர்கள் இரண்டாவது வகை. பெரிய நிகழ்ச்சிக்கு வாடகைக்கு எடுக்கும்போது இவைதான் வரும். இவற்றில் பலவும், குறிப்பாகப் பழைய மாடல்கள், ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ததைப் படிக்கும், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையைப் படிக்காது. எக்ஸ்ஃபேட் முறையைப் படிக்குமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டைப் பார்க்காமல் போனால் மேடையில் வெறும் திரைதான் தெரியும். மூன்றாவது, நம் காலனிகளில் அதிகம் இருக்கும் சின்ன யூஎஸ்பி ஆம்ப்ளிபயர். இதற்கு ஃபேட்32 முறையில் உள்ள சின்ன பென் டிரைவ்தான் ஒத்துவரும். ஹார்ட் டிஸ்க்கைச் சுழலவைக்கும் அளவு மின்சாரத்தை அந்தத் துளை தராது. யூஎஸ்பி 2.0 துளைக்கு 500 மில்லி ஆம்பியர், 3.0 துளைக்கு 900 என்பதுதான் கணக்கு. அது போதாமல் டிஸ்க் சுழன்று சுழன்று நிற்பதைப் பார்த்து, டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

ஃபேட்32க்கு ஒரு குறை இருக்கிறது. ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பாட்டுக்கு அது பிரச்சினை இல்லை. நீண்ட வீடியோவுக்குப் பிரச்சினை. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் ஜன்னல் நீண்ட காலமாக 32 ஜிபிக்கு மேற்பட்டவற்றுக்கு அந்தத் தேர்வையே காட்டாமல் இருந்தது. பெரிய டிஸ்க்கை அப்படி மாற்றத் தனி இலவச மென்பொருள் உண்டு. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

என்ன வைக்கப் போகிறோம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 320 கேபிபிஎஸ் தரத்தில் உள்ள எம்பி3 பாட்டு நிமிடத்துக்கு 2.4 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பி. எங்கள் ஆறாயிரம் பாட்டும் சேர்ந்து 72 ஜிபிதான். சுருக்காத வேவ் கோப்பாக வைத்தாலும் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, மொத்தம் 300 ஜிபி. அதாவது பாட்டுக்காக 1 டிபி எங்களுக்குத் தேவையே இருந்ததில்லை. நாங்கள் வாங்கியது அளவு. எங்களுக்கு வேண்டியிருந்தது இரண்டாவது பிரதி.

வேகத்தைப் பற்றிய விளம்பரத்துக்கும் மயங்க வேண்டாம். ஒரு எம்பி3 பாட்டு ஓட நொடிக்கு 40 கேபி போதும். சுழலும் டிஸ்க்கே நொடிக்கு 100 எம்பிக்குமேல் தரும். ஆயிரம் எம்பி என்று பெட்டியில் போட்டிருப்பதால் பாட்டு நன்றாகக் கேட்காது. எஸ்எஸ்டி வாங்கச் சொல்வதற்குக் காரணம் வேகம் இல்லை. அதில் சுழலும் தட்டும் இல்லை, மிதக்கும் ஊசியும் இல்லை. அதிர்வு அதை ஒன்றும் செய்யாது. கையிலிருந்து விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும். விலை அதிகம்தான். அதனால்தான் அளவைக் குறைத்து வாங்கச் சொல்கிறேன். 1 டிபிக்கு ஆசைப்படாமல் 500 ஜிபி போதும் என்று முடிவு செய்தால் கைக்கு எட்டும்.

ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு என்று வருவதை எந்தக் காரணம் கொண்டும் வாங்காதீர்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டி, கணினியிடம் 16 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். ஆரம்பத்தில் எல்லாம் சேர்வது போலத் தெரியும். உண்மையான கொள்ளளவு தாண்டியதும் பழையதன் மேலேயே எழுதும், அல்லது எழுதாமலே எழுதியதாகக் காட்டும். எதை வாங்கினாலும் முதல் நாளே முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துச் சோதித்துவிடுங்கள். அதற்கென்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 1 டிபி வாங்கினால் கணினியில் 931 ஜிபி என்று காட்டுவது மட்டும் ஏமாற்று இல்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

கேபிளையும் கவனியுங்கள். சுழலும் டிஸ்க்குகளில் வரும் தட்டையான, இரட்டைத் தலை உள்ள மைக்ரோ பி கேபிள் சீக்கிரம் ஆடிப்போகும். டைப் சி இருப்பதை வாங்குவது நல்லது. கூடவே ஒரு உபரிக் கேபிள் பையில் இருக்கட்டும். வண்டியில் போகும்போது கேபிளை லேப்டாப்போடு சேர்த்து டேப் போட்டு ஒட்டுங்கள். பிடுங்கும் முன் கணினியில் எஜெக்ட் கொடுங்கள். ஜெனரேட்டர் மாற்றும்போது கரண்ட் ஆடும், அதனால் லேப்டாப் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

இப்போது எங்கள் செட்டில் இருப்பது இதுதான். களத்துக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. வீட்டில், பீரோவில், சுழலும் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. ஓடாமல் பத்திரமாக இருக்கும் வேலைக்கு அது மலிவு, நல்லதும்கூட. மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் போட்டு வைக்க எஸ்எஸ்டி ஏற்றதில்லை. பிறகு ஃபேட்32 முறையில் இரண்டு 32 ஜிபி பென் டிரைவ், அன்றைய நிகழ்ச்சிக்கான பாட்டுகள் மட்டும். டிஸ்க் போனாலும் கடன் விளம்பரம் ஒலிக்காது. மாதம் ஒருமுறை பீரோ டிஸ்க்கை எடுத்துச் சொருகி, புதியதைச் சேர்த்து, பழையது திறக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை ப்ளஸ் டூ படிக்கும் ஒரு தங்கை எடுத்துக்கொண்டாள். செட்டுக்குப் பக்கத்திலேயே பெண் பிள்ளைகளை விடாமலிருந்த பையன்கள், பாட்டு எங்கே இருக்கிறது என்று இப்போது அவளிடம்தான் கேட்க வேண்டும். முதல் மாதமே பெண்களைக் கேவலமாகப் பேசும் பாட்டுகளைத் தனி ஃபோல்டராகப் பிரித்து வைத்து, "இதையெல்லாம் ஏப்ரல் 14க்குப் போடுவீங்களா?" என்று கேட்டாள். அந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. முடியாமல் இருப்பது நல்லதுதான்.

இனி நம் வேலை சம்பந்தப்பட்ட பகுதிக்கு வருகிறேன். மாணவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

அந்த டிஸ்க்கோடு ஊர்வலத்தை மறித்த வீடியோவும் போனது. ஊர்வலம் போவது நாம் கெஞ்சிக் கேட்கும் சலுகை இல்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், சமய, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களை நடத்துவதையும் அவற்றில் பங்கெடுப்பதையும் சாதியின் பெயரால் தடுப்பதைக் குற்றம் என்கிறது. கல்யாண ஊர்வலத்துக்கும் அது பொருந்தும். புகார் கொடுத்தோம். மூல வீடியோ எங்கே என்று கேட்டார்கள். டிஸ்க் செத்துவிட்டது, போனை விற்றுவிட்டேன். தரவு மீட்கும் இடத்தில் கேட்ட தொகை எங்கள் செட்டின் விலையைவிட அதிகம், அதற்கும் உத்தரவாதம் இல்லை. கடைசியில் நான் அன்றிரவு வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஒரு தங்கையின் போனில் அழிக்காமல் இருந்தது. ஆனால் வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும். எந்தப் போனில், எப்போது எடுத்தது என்ற விவரமும் அதோடு போகும். முகங்கள் மங்கல். அந்த விவகாரம் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் இதற்குமேல் எழுதவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது சான்றிதழ் சேர்க்க வேண்டும். அதற்கான படிவத்தில் ஹாஷ் மதிப்பையும் எழுதச் சொல்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். ஆகவே சம்பவத்தைப் படம் எடுத்தால் மூலக் கோப்பை வெட்டாதீர்கள், பெயர் மாற்றி விளையாடாதீர்கள், எடுத்த போனையோ மெமரி கார்டையோ கைமாற்றாதீர்கள். அன்றே இரண்டு தனித்தனி டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். எஸ்எச்ஏ-256 ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். முக்கியமாக, சாட்சியமும் டிஜே பாட்டும் ஒரே டிஸ்க்கில் இருக்கக் கூடாது. ஊர்வலத்தில் ஆடுகிற வண்டியில் ஏறும் டிஸ்க்கில் வழக்கை வைத்தவள் நான்.

பெரியப்பா அந்த ஏப்ரலுக்கு மூன்று மாதம் முன்பே இறந்துவிட்டார். அவர் சாவுக்குப் பிள்ளைகள் பறை அடித்தார்கள், பையன்கள் செட்டும் போட்டார்கள். 41 நிமிடப் பதிவு இருக்கிறது என்ற தைரியத்தில் நாங்கள் யாரும் அவரிடம் கடைசி இரண்டு அடவுகளை உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. அவற்றில் ஒன்றைப் பயிலரங்கத்துக்கு வந்த ஒரு பையன் பாதி நினைவு வைத்திருக்கிறான். இன்னொன்று யாருக்கும் வரவில்லை. ஒப்பாரி பாடிய அத்தை இருக்கிறார். மறுபடி பாடச் சொல்லி உட்கார வைத்தேன். "அன்னைக்கு எங்க அக்கா நெனப்புல பாடுனேன். அதே மாதிரி இப்ப வருமா?" என்றார். வந்த அளவு பதிவு செய்தேன். மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

மராத்தியில் ஆயிரக்கணக்கில் பீம் பாடல்கள் எழுதிய வாமன்தாதா கர்டக் போன்றவர்களின் குரல் ஊர் ஊராகப் பரவியது. 1997 ஜூலையில் மும்பை ரமாபாய் நகரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். அதைத் தாங்க முடியாமல் மக்கள் பாடகர் விலாஸ் கோக்ரே உயிரை மாய்த்துக்கொண்டார். ஆனந்த் பட்வர்தன் அங்கே தொடங்கிப் பதினான்கு வருடம் படம் எடுத்துச் சேர்த்துத்தான் 2011இல் 'ஜெய் பீம் காம்ரேட்' வந்தது. பதினான்கு வருடம் ஒருவர் பதிவுகளைத் தொலைக்காமல் வைத்திருந்தார் என்பதைத்தான் நான் இப்போது அதிகம் யோசிக்கிறேன். 1955இல் பாபாசாகேப் பிபிசிக்குக் கொடுத்த பேட்டியை இன்று உங்கள் போனில் கேட்க முடிவதும் யாரோ பத்திரப்படுத்தியதால்தான். நம் காலனிப் பெரியவர்களின் குரலை எந்த வானொலியும் பத்திரப்படுத்தப் போவதில்லை. அது நம் பீரோவில்தான் இருக்க வேண்டும்.

ஆகவே அந்த மாணவருக்கும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்வது இதுதான். ஒரு பெரிய டிஸ்க் வாங்கும் காசில் இரண்டு சின்னதாக வாங்குங்கள். களத்துக்கு எஸ்எஸ்டி, வீட்டுக்கு ஹார்ட் டிஸ்க். எதையும் பாஸ் பெட்டியின் மேல் வைக்காதீர்கள். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. அந்த விதி நம் செட்டைப் பறிமுதல் செய்யும்போது மட்டும்தான் சிலருக்கு ஞாபகம் வரும். அவர்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்காதீர்கள்.

டிஸ்க் வாங்கிய கையோடு உங்கள் தெருவில் வயதான ஒருவரிடம் போய் உட்காருங்கள். பாட்டோ அடவோ, அவர் சின்ன வயதில் நடந்ததோ, எதுவானாலும் பதிவு செய்யுங்கள். செய்ததை அன்றே இரண்டு இடத்தில் வையுங்கள். அவரிடமிருந்து கற்றுக்கொள்ளவும் ஆரம்பியுங்கள். டிஸ்க் இருக்கிறதே என்று நாங்கள் தள்ளிப்போட்டதுபோல நீங்கள் தள்ளிப்போடாதீர்கள்.

ஜெய் பீம்.